கொசு பேட்டில் ஷாக் அடிக்குமா?

கேள்வி: நாங்கள் வாங்கிய கொசு பேட்டின் அட்டையில் 3000 வோல்ட் என்று போட்டிருக்கிறது. வீட்டு பிளக்கில் வருவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதைத் தொட்டாலே உயிர் போய்விடும் என்கிறோம். அப்படியிருக்க இதை எப்படி நம்பிக் கையில் எடுப்பது?

பதில்: வோல்ட் எண்ணை மட்டும் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் உடம்புக்குள் எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதுதான் ஆபத்தை முடிவு செய்கிறது. வீட்டு லைனில் கை பட்டால் அது விடாமல் வந்துகொண்டே இருக்கும். பேட்டில் அப்படி வருவதற்குச் சரக்கு கிடையாது. பழுதான பேட் ஒன்றை ஒருமுறை பிரித்துப் பார்த்தேன்: கைப்பிடிக்குள் ஒரு சின்ன பேட்டரி, அதன் மூன்று நான்கு வோல்ட்டைத் துடிப்பாக மாற்ற ஒரு டிரான்சிஸ்டர், அதை ஏற்றிவிட விரல்நுனி அளவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இன்னும் இரண்டு மூன்று மடங்கு உயர்த்தச் சில டயோடுகளும், மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்களும், அவ்வளவுதான். கடைசிக் கெபாசிட்டரில் சேர்ந்திருக்கும் கொஞ்சூண்டு மின்சாரம் கண்ணிமைக்கும் நேரத்தில் வலையில் கொட்டித் தீர்ந்துவிடும். கொசுவுக்கு அது இடி. ஆரோக்கியமான பெரியவருக்குச் சுருக்கென்று ஓர் அடி.

வலையைக் கிட்டே வைத்துப் பாருங்கள். பெரும்பாலான பேட்டுகளில் மூன்று அடுக்கு இருக்கும். வெளியே இருக்கும் இரண்டும் ஒரே முனை, நடுவில் இருப்பது எதிர்முனை. காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும், அடுக்குகளுக்கு நடுவில் சில மில்லிமீட்டர் இருப்பதால் சும்மா பிடித்திருக்கும்போது பொறி வராது. கொசு உள்ளே நுழைந்ததும் அதன் உடம்பே பாதி இடைவெளியை அடைத்துவிடுகிறது, மிச்சமிருக்கும் துளிக் காற்றை மின்சாரம் தாண்டும்போது வருவதுதான் அந்த 'பட்'. நம் விரல் வெளிவலையோடு நின்றுவிடும், பச்சைக் குழந்தையின் விரல் நிற்காது. அதனால் குழந்தை இருக்கும் வீட்டில் பேட்டை உயரத்தில் மாட்டுங்கள், காப்பு அடுக்கு இல்லாமல் ஒற்றை வலையோடு வருவதை வாங்கவே வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் இதைக் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: நான் வீசினால் பத்துக்கு ஒன்றுகூடச் சிக்குவதில்லை. என் மனைவி அலட்டிக்கொள்ளாமல் அடிக்கிறார். என்ன ரகசியம்?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, நீங்கள் வீசுகிறீர்கள். கொசுவின் எடை இரண்டு மில்லிகிராம் அளவுதான். வெறுங்கையால் தட்டும்போது கைக்கு முன்னால் ஓடும் காற்றே அதை ஒதுக்கித் தள்ளிவிடும். வலையில் காற்று புகுந்து போய்விடும் என்பதால்தான் பேட் நமக்கு உதவுகிறது, அந்த வசதியை வேகமாக வீசிக் கெடுக்கக் கூடாது. சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவுக்கு நேராக, சுவருக்கு இணையாக, மெதுவாகக் கொண்டுபோங்கள். பட்டனை முன்கூட்டியே அழுத்திக்கொள்ளுங்கள். ஒரு விரற்கடை தூரத்தில் நிறுத்தி, பேட்டின் விளிம்பால் சுவரை லேசாகத் தொட்டாலே போதும், கொசு சுவரை விட்டுக் கிளம்பும், கிளம்பிய இடத்தில் வலை காத்திருக்கும்.

எங்கே தேடுவது என்பதுதான் இதைவிட முக்கியம். ரத்தம் குடித்த கொசுவால் உடனே தூரம் பறக்க முடியாது, தன் எடைக்கும் மேலாகச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே எங்காவது ஒதுங்கும். ராத்திரி கடி வாங்கி எழுந்தால் லைட்டைப் போட்டுவிட்டுத் தலைமாட்டுச் சுவர், திரைச்சீலை மடிப்பு, கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கறுப்புத் துணி, கட்டிலின் அடிப்பக்கம் ஆகிய இடங்களை மட்டும் பாருங்கள். வயிறு சிவப்பு மணிபோல உப்பி, அசையாமல் இருக்கும். கால்களில் வெள்ளை வளையம் தெரிந்தால் அது ஏடிஸ், டெங்குவைப் பரப்பும் இனம், அது பெரும்பாலும் பகலில் கடிப்பது. வால்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருந்தால் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் வகை.

அப்புறம் ஒரு விஷயம்: 'பட்' சத்தம் கேட்டதும் பட்டனை விட்டுவிடாதீர்கள். ஒரே அடியில் மயங்கி விழுந்த கொசு சில நேரம் எழுந்து பறந்துவிடும். இரண்டாவது பொறி வரும்வரை பிடித்திருங்கள்.

கேள்வி: சார்ஜ் குறைந்துவிட்டால் பிளக்கில் செருகியபடியே நீட்டி அடிக்கிறான் என் மகன். திட்டினால், 'பேட்டரி பேட்தானேம்மா' என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: அம்மா, நீங்கள் சொல்வதுதான் சரி. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துக் காட்டுங்கள். கைப்பிடியில் நேரடியாகப் பிளக் பின் நீட்டிக்கொண்டிருக்கும் பேட்டுகள் பலவற்றில் சார்ஜ் செய்யும் பகுதியில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. செலவைக் குறைக்க ஒரு கெபாசிட்டரை மட்டும் போட்டு வீட்டு லைனை மட்டுப்படுத்தியிருப்பார்கள். அதாவது, செருகியிருக்கும் நேரம் முழுக்க உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் வீட்டு மின்சாரமும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கின்றன, வலை உட்பட. முதல் கேள்வியில் 'கொஞ்சூண்டு மின்சாரம்' என்று நான் தைரியம் சொன்னது பேட்டரியில் ஓடும்போது மட்டும்தான், பிளக்கில் இருக்கும்போது அந்தப் பேச்சே செல்லாது. செருகியிருக்கையில் பட்டனை அழுத்தக் கூடாது, வலையைத் தொடக் கூடாது, துடைக்கக் கூடாது. யுஎஸ்பி வயரில் சார்ஜ் ஆகும் பேட்டில் அடாப்டர் நல்லதாக இருந்தால் இந்தப் பயம் குறைவு, ஆனாலும் கழற்றிவிட்டு அடிக்கும் பழக்கமே இருக்கட்டும்.

விடிய விடியச் செருகி வைப்பதும் வேண்டாம். முழுதாக ஏறியதும் தானாக நிறுத்திக்கொள்ளும் வசதி பல மலிவு பேட்டுகளில் இல்லை, பேட்டரி சூடாகி உப்பிவிடும். மாதக்கணக்கில் காலியாகப் போட்டு வைத்தாலும் கெட்டுப்போகும், முக்கியமாக ஈய பேட்டரி உள்ளவை. கைப்பிடி உப்பியோ விரிந்தோ தெரிந்தால் அந்த பேட்டோடு உறவை முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்ப்ரே அடித்துவிட்டு, சாகாததை மட்டும் பேட்டால் அடிப்பது சரியா?

பதில்: கூடவே கூடாது. டப்பாவிலிருந்து பீய்ச்சுவதற்காக அடைத்திருப்பது பெரும்பாலும் சமையல் வாயு வகையைச் சேர்ந்த, எளிதில் பற்றும் வாயு. பேட்டில் வருவது நிஜமான தீப்பொறி. இரண்டையும் ஓர் அறைக்குள் சேர்க்காதீர்கள். சென்ட், கைகழுவும் சானிட்டைசர், நகப்பூச்சு அழிக்கும் திரவம், பெயின்ட் தின்னர், பெட்ரோல் எதுவானாலும் இதே கதைதான். சமையலறையில் கேஸ் வாடை வந்தால் பேட்டைத் தொடவே வேண்டாம், முதலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: கரப்பான்பூச்சி, தேனீ, ஈசல்... எல்லாவற்றையும் அடிக்கலாமா?

பதில்: கொசு, ஈ, பழ ஈ, இவைதான் இதற்கு ஏற்றவை. கரப்பான் கொஞ்சம் நேரம் மல்லாந்து கிடந்துவிட்டு எழுந்து ஓடிவிடும். தேனீயை அடிக்காதீர்கள், ஜன்னலைத் திறந்தால் அதுவே போய்விடும், நமக்கு வேண்டிய உயிர் அது. ஈசலுக்கு லைட்டை அணைத்தால் போதும்.

ஈயை அடிக்கும்போது மட்டும் இடம் பாருங்கள். மின்சாரம் பட்டதும் ஈயின் உடம்பு சிதறும், அது எங்கெங்கோ உட்கார்ந்து சுமந்து வந்த கிருமிகள் எல்லாமே செத்துப் போவதில்லை, பொடியோடு சேர்ந்து பக்கத்தில் விழும். சாப்பாட்டு மேசைக்கு மேலேயும், திறந்து வைத்த பாத்திரத்துக்குப் பக்கத்திலும் அடிக்காதீர்கள்.

கேள்வி: ஆஃப் செய்த பிறகும் ஒருமுறை ஷாக் அடித்தது. எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: கெபாசிட்டரில் மிச்சம் இருந்திருக்கிறது. சில பேட்டுகளில் அதை வடித்துவிட ஒரு ரெசிஸ்டர் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஆஃப் செய்து, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரின் உலோக முனையால் வெளிவலையையும் நடுவலையையும் ஒரே நேரத்தில் தொடுங்கள், பொறி வந்து அடங்கிவிடும். பிறகு காய்ந்த பல் பிரஷ். தண்ணீர், ஈரத்துணி வேண்டாம்.

கேள்வி: தினமும் இருபது கொசுவாவது அடிக்கிறேன். மறுநாள் அதே இருபது. பேட்டை மாற்றவா?

பதில்: பேட் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அது அறைக்குள் வந்துவிட்ட கொசுவைத்தான் அடிக்கும், பிறக்கும் கொசுவை அல்ல. வெதுவெதுப்பான காலத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும், ஒரு கொசு ஒரே தடவையில் நூறு முட்டைக்கு மேல்கூட இடும். இத்தனை நாள் குறையாமல் வருகிறது என்றால் தண்ணீர் உங்கள் பக்கத்தில்தான் எங்கோ நிற்கிறது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டைப் பார்த்தீர்களா? பூந்தொட்டிக்குக் கீழே வைத்த சாசர், யாரும் பயன்படுத்தாத கழிப்பறை, மூடி சரியாக உட்காராத தொட்டி, மொட்டைமாடியில் கவிழ்க்காமல் கிடக்கும் வாளி, இவற்றையெல்லாம் வாரம் ஒருமுறை பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் தாங்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் தண்ணீர் நின்ற கோடு வரைக்கும் உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள்.