மருந்து முடிந்த பிறகும் மலேரியா கார்டு டெஸ்டில் கோடு வருவது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இது: மலேரியா பரவலாக உள்ள நாட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய தம்பிக்குப் பத்தாம் நாள் காய்ச்சல். முதல் நாள் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, மறுநாள் ஸ்லைடில் (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி. இப்போது மருந்து முடிந்து ஒரு வாரம் ஆகிறது. காய்ச்சல் இல்லை, ஆனால் கார்டு டெஸ்டில் இன்னும் கோடு விழுகிறது. மருந்து வேலை செய்யவில்லையா? முதல் நாள் ஆய்வகம் தவறு செய்ததா?

கோட்டைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஃபால்சிபாரத்துக்கான கார்டுகளில் பெரும்பாலானவை கிருமி வெளியிடும் எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தைத்தான் தேடுகின்றன. கிருமி செத்த பிறகும் அந்தப் புரதம் ரத்தத்தில் சில வாரங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் சோதனையும் அப்படித்தான், செத்த கிருமியின் மரபணுத் துணுக்கைக்கூடப் பிடித்துவிடும். நோயைக் கண்டுபிடிக்க இவை உதவும், குணமாகிறதா என்று பார்க்க உதவாது. அதற்கு ஸ்லைடுதான் வேண்டும்.

சரி, முதல் நாள் விஷயத்துக்கு வருகிறேன். மலேரியா அபூர்வமாக வரும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். வருடத்துக்கு மூன்று நான்கு பாசிட்டிவ் ஸ்லைடு வந்தாலே அதிகம், அதனால் கண்ணுக்குப் பழக்கம் விட்டுப்போகும். ஒருநாள் இரவு வந்த தாளில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதியிருந்தது. ரத்தத்தை மெல்லியதாகப் பரப்பிய பூச்சில் நூறு ஃபீல்டு (மைக்ரோஸ்கோப்பில் ஒரே பார்வையில் தெரியும் பகுதி) பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை. நெகட்டிவ் என்று எழுதப் போகும்போது வார்டிலிருந்து டாக்டர் கூப்பிட்டு, நோயாளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது என்றார். அதிக ரத்தத்தை ஒரே இடத்தில் காட்டும் தடித்த பூச்சை வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, வெள்ளணுக்களுக்கு நடுவே காற்புள்ளி மாதிரி ஒரு நீலக் கீற்று, அதன் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு. அடுத்ததைப் பார்க்க இன்னும் இருபது ஃபீல்டு நகர்த்த வேண்டியிருந்தது.

மலேரியாவோடு பழகாத உடம்பில் கிருமி மிகக் குறைவாக இருக்கும்போதே கடும் காய்ச்சல் வந்துவிடும். போதாக்குறைக்கு, ஃபால்சிபாரத்தின் முதிர்ந்த நிலைகள் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும் ரத்தத்தில் சிக்காமல் போகும். அதனால்தான் முதல் ஸ்லைடு நெகட்டிவ் என்றாலும் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை பார்க்கச் சொல்வது. உங்கள் தம்பியின் முதல் நாள் முடிவைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன், அதோடு விட்டிருந்தால்தான் தவறு. அப்புறம், எங்கே போய் வந்தோம் என்பதை யாரும் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை நடக்கும்போது நான் கேட்கச் சொல்வது எண்ணிக்கையை. நூறு சிவப்பணுக்களில் எத்தனையில் கிருமி இருக்கிறது என்ற சதவீதம் தினமும், ஸ்லைடு நெகட்டிவ் ஆகும்வரை வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் அது கொஞ்சம் ஏறலாம், அதை வைத்து மருந்து தோற்றது என்று முடிவுகட்டக் கூடாது. மூன்றாம் நாள் எண்ணிக்கை ஆரம்பத்தில் இருந்ததில் கால் பங்குக்குக் கீழே இறங்கவில்லை என்றால்தான் நிஜமாகவே கவலைப்பட வேண்டும். வாழைப்பழ வடிவத்தில் இருக்கும் கேமிட்டோசைட்டுகள் மட்டும் பல நாள் தங்கும். அவை காய்ச்சலைத் தருவதில்லை, கொசுவுக்குப் போய்ச் சேரும் நிலை அது. ஆய்வகம் அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் தனியே எழுத வேண்டும். ‘பாசிட்டிவ்’ என்று ஒற்றை வார்த்தையில் வந்த தாளோடு இரண்டாவது முறை மருந்து ஏற்றிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஆக, தம்பிக்கு இப்போது ஒரு ஸ்லைடு பார்த்துவிடுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் திரும்பினால் அன்றைக்கே இன்னொன்று. வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியாவாக இருந்திருந்தால் கல்லீரலில் உறங்கும் கிருமிக்குத் தனி மருந்தும், அந்த மருந்து சிவப்பணுக்களை உடைக்குமா என்று அறிய அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதிக்கான சோதனையும் தேவைப்பட்டிருக்கும். ஃபால்சிபாரம் மட்டும் என்றால் அந்த வேலை இல்லை.

ஒன்றை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்: மருத்துவமனையில் ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தை ஊசியாகப் போட்டார்களா? போட்டிருந்தால், நன்றாகத் தேறிய சிலருக்குக்கூட ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் சிவப்பணுக்கள் உடையலாம். நான்கு வாரம்வரை வாரம் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் கறுத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, மாடி ஏறினாலே மூச்சு வாங்கினாலோ அந்த வாரக் கணக்குக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே கூட்டிப் போங்கள்.