கோடை விடுமுறையில் ஆய்வகத்தில் பணியாற்றுவதால் பள்ளி இயற்பியல் ஆசிரியருக்கு என்ன பயன்?

பயன் நிச்சயம் உண்டு. ஆனால், புதிய பாடங்களைக் கேட்டறிவதைவிட, விடை முன்கூட்டியே தெரியாத ஓர் அளவீட்டோடு சில வாரங்கள் மல்லுக்கட்டுவதில்தான் அந்தப் பயன் இருக்கிறது என்பது என் அனுபவம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நான் இயற்பியல் கற்பிக்கிறேன். பள்ளி ஆசிரியர்களைத் துகள் இயற்பியலாளர்களோடு பல்கலைக்கழகங்களிலும் ஃபெர்மிலாப் போன்ற ஆய்வகங்களிலும் பணியாற்ற வைக்கும், 1999-இல் தொடங்கப்பட்ட குவார்க்நெட் திட்டத்தின் வழியாகவே எனக்கு இந்த வாய்ப்புக் கிடைத்தது.

எங்களிடம் தரப்பட்டது, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது உருவாகும் மியுவான்களை (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிட நிறை கூடிய துகள்களை) எண்ணும் கருவி. வெளிச்சம் புகாதபடி கறுப்புத் தாள் சுற்றிய துகள் பாய்ந்தால் மின்னும் ஒளிர்வுத் தகடுகள் நான்கு, அந்த மங்கலான ஒளியை மின்துடிப்பாக மாற்றும் ஒளிப்பெருக்கிக் குழாய் தகட்டுக்கு ஒன்று, துடிப்புகளைப் பதிவுசெய்யும் மின்னணுப் பலகை, நேரம் குறிக்க ஜிபிஎஸ், அவ்வளவுதான். கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியுவான் வரும் என்பது தெரிந்த கணக்கு. ஆனால் ஒரு தகடு மட்டும் அதைவிடப் பல மடங்கு காட்டியது. வழிகாட்டிய பேராசிரியர் காரணம் சொல்லவில்லை. "விளக்கை அணைத்துவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். அறை இருண்டதும் எண்ணிக்கை சரிந்தது. டார்ச் ஒளியை விளிம்போரமாக மெல்ல நகர்த்தியபோது, ஒரு மூலையில் டேப் விலகியிருந்த இடத்தில் அது மறுபடி எகிறியது. அதை ஒட்டிய பிறகும், குழாய்க்கு ஏற்ற மின்னழுத்தத்தைக் கண்டறிய, அதைப் படிப்படியாக உயர்த்தி, அந்தத் தகடும் இன்னொரு தகடும் ஒரே கணத்தில் தரும் துடிப்புகளின் எண்ணிக்கை எந்த இடத்தில் மேலும் ஏறாமல் நிற்கிறது என்று வரைபடத்தில் தேட வேண்டியிருந்தது.

மியுவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. மிக வேகமாகச் செல்லும் துகளுக்கு நேரம் மெதுவாக ஓடும் சார்பியல் விளைவு இல்லையென்றால், ஒளியின் வேகத்தில் சென்றாலும் அது சராசரியாக 660 மீட்டருக்குள் சிதைந்துவிடும். ஆனால் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் உருவானவை எங்கள் மேசை வரை வந்துகொண்டிருந்தன. இதைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகைக் கணக்காகவே நடத்தியிருந்த எனக்கு, அந்த எண்களை நானே திரட்டிப் பார்த்தது பெரும் மகிழ்ச்சி. அதன் பிறகு என் செய்முறை வகுப்புகளில் "வர வேண்டிய விடை"யை முன்னதாகத் தருவதில்லை; எதிர்பாராத அளவு வந்தால், அதற்கான காரணத்தைத் தேடுவதற்கே மாணவர்களுக்கு நேரம் ஒதுக்குகிறேன்.

ஜெனிவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகமும் 1998 முதல் ஆசிரியர்களுக்கான கோடைத் திட்டத்தை நடத்திவருகிறது. விரிவுரைகளும் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்ப்பதும் அதில் முக்கிய இடம் பெறுகின்றன. துகள் இயற்பியலின் முழுப் பரப்பையும் அறிய விரும்புவோருக்கு அது நல்ல தேர்வு. தரவு திரட்டும் அனுபவமே வேண்டுமென்றால், விண்ணப்பிக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: கருவியை நீங்களே இயக்குவீர்களா, பள்ளி திறந்தபின் அதை வகுப்புக்கு இரவல் தருவார்களா? என்னைப் பொறுத்தவரை, உதவித்தொகை எவ்வளவு என்பதைவிட இவற்றுக்கான பதில்களே முக்கியம்.