அக்குளில் இழுக்கும் கம்பி

கேள்வி: எனக்கு வயது 46. கீமோ முடித்து, இடது மார்பகத்தையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்து ஆறு வாரம் ஆகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து அக்குளிலிருந்து முழங்கை வரை கம்பி மாதிரி ஒன்று இழுக்கிறது. கை தோளுக்கு மேல் போகவில்லை. மேல்கையின் உள்பக்கம் மரத்துக் கிடக்கிறது. தழும்பில் சுரீர் என்று ஷாக் அடிக்கிறது. யூடியூபில் பார்த்தால் நோய் பரவும்போது இப்படி வரும் என்கிறார்கள். பயத்தில் கையை அசைப்பதே இல்லை. ராத்திரி சுடு எண்ணெய் தேய்த்து மணல் ஒத்தடம் கொடுக்கிறேன். வீக்கம் வரக்கூடாதென்று மெடிக்கல் ஷாப்பில் நீர் பிரியும் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் ரேடியேஷன். மகளுக்குக் கல்லூரித் தேர்வு நடப்பதால் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தக் கம்பி புற்றுநோய் இல்லை, அம்மா. முதலில் அதை மனதிலிருந்து இறக்கி வையுங்கள்.

கண்ணாடி முன் நின்று இடது கையைப் பக்கவாட்டில் முடிந்தவரை தூக்குங்கள். அக்குளில் தோலுக்கு அடியில் துணிக்கொடி மாதிரி ஒரு கயிறு விறைத்து எழும். கையை இறக்கினால் தளர்ந்து மறைந்துவிடும். நெறிக்கட்டிகளை எடுக்கும்போது அவற்றுக்குப் போகும் மெல்லிய நிணநீர்க் குழாய்கள் அறுபடுகின்றன. அவை அடைத்து இறுகி இப்படிக் கயிறாகின்றன என்பதே இன்றைய புரிதல். அறுவை முடிந்த சில வாரங்களில் வரும், பெரும்பாலும் சில மாதங்களில் தானே கரையும். சிலருக்கு மணிக்கட்டு வரைகூட ஓடும். மருத்துவ இதழில் இதற்கென்று ஒரு பெயர் வந்ததே 2001-ல்தான். அதனால்தானோ என்னவோ, வீட்டுக்கு அனுப்பும்போது பல பேருக்கு இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் மூன்று வாரம் தூங்காமல் இருந்திருக்க மாட்டீர்கள்.

கட்டி இப்படி நடந்துகொள்ளாது. கையைத் தூக்கினாலும் இறக்கினாலும் ஒரே இடத்தில் கெட்டியாக நிற்கும் உருண்டை, தழும்பின் மேலோ காறை எலும்புக்கு மேலோ புதிதாகத் தட்டுப்பட்டால் சர்ஜனிடம் காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

மரத்துப் போனதும் ஷாக் அடிப்பதும் நோயின் வேலை இல்லை. மேல்கையின் உள்பக்கத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு அக்குள் வழியாகத்தான் போகிறது. அந்த இடத்தில் கத்தி வைக்கும்போது அது நசுங்கும் அல்லது அறுபடும். ஷாக் மெல்ல அடங்கும். மரப்பு கொஞ்சம் மிஞ்சலாம், அதனால் கெடுதல் இல்லை.

ஆனால் அதே மரத்த இடத்தில் சுடுமணல் வைக்கிறீர்கள்! என்னிடம் வந்த ஓர் அம்மா இப்படித்தான் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். காலையில் ஜாக்கெட் கை தோலோடு ஒட்டியிருந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. ஒத்தடத்தை இன்றே நிறுத்துங்கள். மாத்திரையும் வேண்டாம். உங்களுக்கு வீக்கமே இல்லை. வந்தாலும் நிணநீர் வீக்கத்தை நீர் பிரியும் மாத்திரை இறக்காது, உடம்பிலுள்ள உப்புச் சத்தைத்தான் இறக்கும்.

நீங்கள் பயப்படாத ஒரு விஷயத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். அந்தக் கையில் கிருமி புகுவது. காய் நறுக்கும்போது ஒரு கீறல், நகக்கண்ணில் ஒரு பிளவு, எலுமிச்சை முள், கொசுக்கடியைச் சொறிந்த இடம், இவ்வளவு போதும். காவல் நிற்கும் நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டதால் கிருமி வேகமாகப் பரவும். மாலையில் குளிர் நடுக்கம், காய்ச்சல். கையிலோ மார்பிலோ ஒரு சிவப்புத் திட்டு, தொட்டால் அனலாக இருக்கும். சில மணி நேரத்தில் அது பரவிப் பெரிதாகும். சில சமயம் காய்ச்சல் முன்னால் வரும், சிவப்பு மறுநாள்தான் தெரியும். பாரசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் உடனே தொடங்க வேண்டும். தாமதித்தால் மிச்சமிருக்கும் குழாய்களும் பழுதாகும், அதற்கப்புறம் வரும் வீக்கம் முழுதாக வடியாமல் போகலாம். சர்க்கரை இருந்தால் இன்னும் அவசரம். கீறல் பட்டவுடன் சோப்பு போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள், இரண்டு நாள் அந்த இடத்தைப் பாருங்கள்.

சரி, கம்பிக்கு வருவோம். கையை அசைக்காமல் வைத்திருப்பதுதான் இப்போது நடக்கும் தப்பு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டால் தோள்பட்டையும் இறுகும். ரேடியேஷன் மேசையில் கையைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுக்க வேண்டும், கை போகாவிட்டால் சிகிச்சை தள்ளிப்போகும். இந்த வாரமே பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு உண்டு.

அதுவரை, காயம் நன்றாக மூடியிருந்தால், வீட்டில் இதைச் செய்யுங்கள். சுவரைப் பார்த்து நின்று விரல்களைப் பல்லி மாதிரி மேலே ஏற்றுங்கள். இழுக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி ஐந்து மூச்சு விட்டு இறக்குங்கள். ஐந்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. இழுக்க வேண்டும், கண்ணில் நீர் வரக்கூடாது. அப்புறம் மல்லாந்து படுத்து இரண்டு கைகளையும் கோத்து, வலது கை இடது கையைத் தூக்கிக்கொண்டு தலைக்கு மேல் போகட்டும். அங்கே ஒரு தலையணை வைத்து அதன் மேல் கையைச் சாய்த்துக் கிடங்கள். அதைப் பத்து நிமிடமாக்க முடிந்தால் ரேடியேஷன் மேசை உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது. பயிற்சியின்போது 'பட்' என்று ஏதோ அறுந்தது போலத் தெரிந்தால் பதறாதீர்கள். கம்பிதான் விட்டது, பல பேருக்கு அதற்கப்புறம் கை லேசாகிவிடும்.

தழும்பைத் தேய்க்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு போதும், சூடு வேண்டாம். விரல் நுனியை அழுத்தி வைத்து, விரல் வழுக்காமல் தோலை மட்டும் அடியிலுள்ள தசை மேல் மெல்ல நகர்த்துங்கள். ரேடியேஷன் தொடங்கியதும் இதை நிறுத்திவிட்டு, தோல் முழுதும் ஆறிய பிறகு தொடருங்கள். நீட்டும் பயிற்சியை மட்டும் ரேடியேஷன் நாட்களிலும் விடாதீர்கள். ரேடியேஷன் முடிந்து மாதங்கள், வருடங்கள் கழித்தும் மார்புத் தசை மெல்ல இறுகிக்கொண்டே வரும். ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது என்று விட்டவர்கள்தான் இரண்டு வருடம் கழித்து ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை என்று வருகிறார்கள்.

அந்தக் கையால் இனி எதையும் தூக்கவே கூடாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். 2009-ல் அமெரிக்காவில் ஏற்கெனவே கை வீங்கிய பெண்களையே கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்க வைத்துப் பார்த்தார்கள், வீக்கம் கூடவில்லை. காயம் ஆறியதும் அரைக் குடத்தில் தொடங்கி ஏற்றுங்கள். வளையல் இறுகினாலோ, கை கனத்தாலோ, டெய்லர் டேப்பில் ஒரே இடத்தில் இரண்டு கைக்கும் 2 செ.மீ. வித்தியாசம் வந்தாலோ வந்து காட்டுங்கள். கைக்குப் போடும் இறுக்க உறையை அளவெடுக்காமல் ஆன்லைனில் வாங்காதீர்கள்.

சுவரில் விரல் எட்டும் இடத்தில் தினமும் ஒரு பென்சில் கோடு போட வேண்டும். கை தூக்கியபடி நீங்களே போட முடியாது. மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். நாளைக் காலை அவள் தேர்வுக்குக் கிளம்பும் முன் முதல் கோட்டைப் போட்டுவிட்டுப் போகட்டும்.