வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நைட்ரேட் பழுப்பாகாமல் பால்போல் வெளுப்பது ஏன்?

வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்து வெள்ளி நானோ துகள்களை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வெள்ளித் துகள்களை, உருவாக்க முயன்றதாகவும், கரைசல் எதிர்பார்த்தபடி பழுப்பாகாமல் வெளுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கண்ட பால்வெள்ளைக் கலங்கல் அந்த நானோ துகள் அன்று. பெரும்பாலும் அது வெள்ளி குளோரைடு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டுக் குழாய்நீரிலேயே வேப்பிலையைக் கொதிக்க வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இலையிலுள்ள பாலிபீனால்கள் என்னும் சேர்மங்கள் வெள்ளி அயனிகளை ஒடுக்கி வெள்ளி உலோகமாக மாற்றுவதற்கு முன்பே, அந்நீரிலுள்ள குளோரைடு அந்த அயனிகளைப் பற்றி வீழ்படிவாக்கி, அதாவது நீரில் கரையாத திண்மமாக்கி, விடுகிறது.

சாறு சேர்க்காத குழாய்நீரில் வெள்ளி நைட்ரேட் கரைசலை இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். உடனே கலங்கினால் காரணம் நீர்தான். கொதிக்க வைப்பதால் குளோரைடு நீங்காது என்பதால், இலையைக் கழுவுவதிலிருந்தே காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள்.

பழுப்பு நிறம் மட்டுமே நானோ துகள் உருவானதற்குச் சான்றாகாது. கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் நிறமாலைமானியில் 400 முதல் 450 நானோமீட்டருக்குள் உறிஞ்சல் உச்சம் தெரிய வேண்டும். இக்கரைசல் பாக்டீரியாவைக் கொல்லும் என்று நம்பி அதைப் புண்ணில் தடவ வேண்டாம். மிச்சத்தைத் தோட்டத்துக் கால்வாயில் ஊற்றாமல் போத்தலில் சேர்த்துப் பள்ளி ஆய்வகத்தில் ஒப்படையுங்கள். மீன்களுக்கும் பாசிகளுக்கும் வெள்ளி நஞ்சு.