உங்கள் நடனப் பாட்டின் ஆர்கன் பேஸ் (ஆர்கன் ஒலியில் வரும் அடிநாதம்) ஹெட்ஃபோனில் நன்றாக, ஹாலில் கொழகொழவென்று கேட்கிறதா?

நோட்டின் நீளத்தைக் குறையுங்கள், அதன் பிறகு ஈக்யூவை (ஒலியின் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) தொடலாம். ‘ஷோ மீ லவ்’ பாட்டின் பாணியில் பேஸுக்கு நீங்கள் வைத்திருக்கும் நோட்டுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. ஹாலில் எதிரொலியும் சேர்ந்து இடைவெளியை மூடிவிடுகிறது.

ராபின் எஸ் பாடிய அந்தப் பாட்டு 1990-லேயே வந்தது. ஆடுகளத்தில் நிலைத்தது ஸ்வீடன் டிஜே ஸ்டோன்பிரிட்ஜின் ரீமிக்ஸ்தான். அதில் கேட்பது கார்க் எம்1 என்ற சிந்தசைசர் கீபோர்டில் உள்ள ‘ஆர்கன் 2’ ஒலி. அந்த ஒலியின் உயிரே தொடக்கத்தில் வரும் ‘டக்’. அது முடிந்ததும் விழும் மௌனத்தில்தான் கிக்கும் (டிரம்மின் அடித்தாள ஒலி) குரலும் மூச்சு விடுகின்றன. இத்தனை ஆண்டுகள் கழித்தும் கால்கள் அசைவதற்கு அந்த இடைவெளி பெரிய காரணம் என்பேன்.

செய்து பாருங்கள்:

1. 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தாள அடிகள்) பதினாறாம் நோட்டு, அதாவது ஓர் அடியின் கால் பங்கு, 125 மில்லிசெகண்ட். பேஸ் நோட்டுகளை 90–110-க்குள் வெட்டுங்கள். ரிலீஸ் (நோட்டை விட்ட பிறகு ஒலி அடங்க எடுக்கும் நேரம்) ஏறக்குறைய பூஜ்யம்.
2. எம்1 ஒலிகளில் எஃபெக்ட் சேர்ந்தே வரும். ரிவெர்பை (எதிரொலி எஃபெக்டை) அணையுங்கள்.
3. மோனோவில் (இடது, வலது இரண்டையும் ஒன்றாக்கி) கிக்கையும் பேஸையும் மட்டும் ஓடவிடுங்கள். கிக் மெலிந்தால், இரண்டும் சேர்ந்து விழும் இடங்களில் பேஸ் நோட்டைச் சற்றுத் தள்ளுங்கள், அல்லது சைடுசெயினில் (கிக் விழும்போது மட்டும் பேஸைத் தணிக்கும் அமைப்பு) 2–3 டெசிபல் இறக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: தெளிவு வேண்டுமென்று 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மொத்தமாக வெட்டிவிடாதீர்கள். ‘டக்’ மட்டும் மிஞ்சும், நெஞ்சில் இறங்காது.