ஐரிஷ் மரப் புல்லாங்குழலில் கீழ் டி (தாழ்ந்த டி சுரம்) மட்டும் ‘புஸ்’ என்று பதிவாகிறது: குழலா, போனா?

நீங்கள் போனில் பதிந்த ரீலில் (வேகமான ஐரிஷ் நடன மெட்டு) கீழ் டி வரும் இடமெல்லாம் காற்றுச் சத்தம் என்கிறீர்கள். முதலில் போனை நகர்த்துங்கள். வாய்க்கு நேரே இருந்தால் ஊதுதுளையைத் தாண்டும் காற்று மைக்கிலேயே மோதும். ஒரு மீட்டர் தள்ளி, தலைக்குச் சற்று மேலே, வலப்பக்கமாக, குழலின் நடுவைப் பார்த்தபடி வையுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம், அது பேச்சுக்கானது. வேவ் (WAV, ஒலியைச் சுருக்காத) கோப்பாகப் பதியுங்கள்.

அப்புறமும் புஸ் இருந்தால் எங்கோ கசிகிறது. கீழ் டி-க்கு ஆறு துளையும் மூட வேண்டும். பெரும்பாலும் வலக்கை மோதிரவிரல்தான் நழுவும். நுனியால் மூடாதீர்கள், சதைப்பகுதியால் மூடுங்கள். விரல் சரி என்றால் நடுத்துண்டைத் தனியே எடுத்து, கீழ் முனையைத் தொடையில் அழுத்தி, துளைகளை மூடி மேலிருந்து உறிஞ்சுங்கள். உறிஞ்சல் சில நொடி நிற்கவில்லையா? மரத்தில் விரிசல், சாவி (துளையை மூடித் திறக்கும் நெம்பு) இருந்தால் அதன் பேட் (துளையை அடைக்கும் மெத்தை), இரண்டையும் பாருங்கள்.

பலமாக ஊதிச் சரிசெய்ய நினைக்காதீர்கள், சுரம் மேல் டி-க்குத் தாவிவிடும். உதட்டிடைவெளியைச் சுருக்கி, காற்றைச் சற்றுக் கீழ்நோக்கிச் செலுத்துங்கள். அடுத்த பதிவில் ரீல் வேண்டாம், கீழ் டி-யை மட்டும் நீட்டி ஊதிப் போடுங்கள். வேகத்தில் எதுவும் பிடிபடாது.