கரையில் மணல் கொட்டப்போகிறார்கள்: எங்கள் அலை என்ன ஆகும்?

கேள்வி: நாங்கள் ஒரு சிறிய அலைச்சறுக்குக் குழு. எங்கள் கடற்கரை அரித்துக்கொண்டே போவதால், அடுத்த பருவத்தில் கடலடியிலிருந்து மணல் எடுத்துக் கரையில் கொட்டப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். இப்போது எங்களுக்கு இருப்பது சுமாரான அலைதான். அதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இதற்கிடையில் ஒருவர் வந்து, 'அந்த மணலையே நான் சொல்கிற வடிவத்தில் கடலுக்குள் கொட்டவைத்தால் முதல்தரமான அலை கிடைக்கும், குறைந்தது ஐந்து வருடம் நிற்கும்' என்கிறார். வடிவமைப்புக்கு முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். திறந்த கடலில் கொட்டிய மணலை ஐந்து வருடம் ஒரே வடிவத்தில் நிறுத்திவைக்க யாராலும் முடியாது. அப்படிச் சொல்கிறவருக்குக் கடல் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். இரண்டில் எதுவானாலும் பணம் திரும்பி வராது.

உங்கள் பயம் பாதி சரி. மணல் கொட்டியதும் முதல் சில மாதங்கள், சில இடங்களில் ஓரிரு வருடம், அலை கெடும். பிறகு பெரும்பாலும் தேறும். ஏன் என்று புரிந்துகொண்டால் யாரிடம் என்ன கேட்கவேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

தூரத்திலிருந்து வருகிற அலை, அடியில் தரை நெருங்காதவரை உடையாது. ஆழம் குறையக் குறைய அது நிமிரும். அலையின் உயரம் அந்த இடத்து ஆழத்தில் முக்கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும்போது கவிழும். அதாவது ஒன்றரை மீட்டர் அலை ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆழத்தில் உடையும். கடலடியில் அந்த இரண்டு மீட்டர் ஆழம் எங்கெங்கே இருக்கிறதோ அவற்றையெல்லாம் ஒரு கோடாக இணைத்துப் பாருங்கள். உங்கள் விளையாட்டு முழுவதும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. கோடு அலைக்கு இணையாக நேராக ஓடினால், அலை முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் கவிழும். நீங்கள் 'குளோஸ் அவுட்' என்று திட்டுகிற அலை அதுதான். கோடு சாய்வாக ஓடினால், அலை ஒரு முனையில் உடையத் தொடங்கி, உடைப்பு பக்கவாட்டில் ஓடும். நீங்கள் அதற்கு முன்னால் ஓடுகிறீர்கள்.

சாய்வு எவ்வளவு என்பதும் முக்கியம். அலை முகட்டுக்கும் உடைப்பு விட்டுச்செல்லும் தடத்துக்கும் இடையே 30 டிகிரி இருந்தால், அலை கரைக்கு வருகிற வேகத்தைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் உடைப்பு அந்தத் தடத்தில் ஓடும். அதற்கு ஈடுகொடுக்கத் தேர்ந்தவர்களால்தான் முடியும். கோணம் அதைவிடக் குறைந்தால் அவர்களாலும் முடியாது. பழகுகிறவர்களுக்கு 60 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது.

இப்போது மணல் கொட்டுவதைப் பாருங்கள். வழக்கமாகச் செய்வது என்ன? தூர்வாரும் கப்பல் மணலும் நீருமாகக் குழாயில் அனுப்பும். புல்டோசர் அதைக் கரையில் சமப்படுத்தித் தள்ளும். கரை அகலமாகும், அதன் கடல்முகமோ இயல்பைவிடச் செங்குத்தாக நிற்கும், கரை நெடுக ஒரே நேர்கோட்டில். இருந்த மேடு பள்ளமெல்லாம் மூடிப்போகும். ஆழக்கோடுகள் கரைக்கு இணையாகிவிடும். அலை நேராகக் கரையின் காலடியிலேயே வந்து மொத்தமாக விழும். இந்தக் காலத்தில் கழுத்திலும் தோளிலும் அடிபடுவது நிஜமான ஆபத்து. குழந்தைகளை அங்கே பழக்க வேண்டாம். ஒன்றிரண்டு புயல் பருவம் போனால், கடல் அந்த மணலைத் தானே இழுத்துக் கீழே பரப்பி, பழைய சரிவுக்குக் கொண்டுவரும். வெளியே மணல் திட்டு மறுபடி உருவாகும். உங்கள் சுமாரான அலையும் வரும். சில நேரம் முன்பைவிட நன்றாகவே வரும், ஏனென்றால் திட்டு கட்டுவதற்கு இப்போது மணல் இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் வருகிற மணலின் துகள்கள் உங்கள் கரை மணல் துகள்களின் பருமனில் இருந்தால்தான். பருமன் கூடினால் கரை செங்குத்தாகவே நின்றுவிடும், காலப்போக்கில் சரியாகாது. இதை யாரும் கேட்பதில்லை. எத்தனை கனமீட்டர் என்று கேட்கிறார்கள், எந்த மணல் என்று கேட்பதில்லை.

என் மேசையில் இரண்டு கண்ணாடி பாட்டில்கள் எப்போதும் இருக்கும். ஒன்றில் ஒரு கரையின் சொந்த மணல், மற்றதில் அங்கே கொட்டுவதற்காகக் கடலடியிலிருந்து எடுத்த மாதிரி. இரண்டிலும் முக்கால்வாசி தண்ணீர். யாராவது வந்தால் இரண்டையும் குலுக்கி வைப்பேன். முதல் பாட்டிலில் சில நொடிகளில் மணல் அடியில் உட்கார்ந்து, மேலே தண்ணீர் தெளிந்துவிடும். இரண்டாவது, நாங்கள் பேசி முடித்து அவர் கிளம்பும்போதும் டீ நிறத்தில் கலங்கியே இருக்கும். அது மணல் என்ற பெயரில் வந்த வண்டல். கடலில் கொட்டினால் நாலு நாளில் காணாமல் போய்விடும். நீங்களும் இதைச் செய்யலாம். மணல் எடுக்கப்போகிற இடத்தின் மாதிரியைக் கேளுங்கள். உங்கள் கரையில், கணுக்கால் நனைகிற இடத்தில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொள்ளுங்கள். இரண்டையும் வெயிலில் காயவைத்து, உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பருமன் வித்தியாசம் விரலுக்கே தெரியும். ஆய்வக அறிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. அறிக்கை வருவதற்கு முன்பே எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிந்துவிடும்.

சரி, உங்களிடம் வந்தவர் விற்கிற சரக்குக்கு வருகிறேன். அவர் கையில் நிச்சயம் ஒரு கணினிப் படம் இருக்கும். நீல நிறக் கடல், அதில் பிறை வடிவத்தில் மஞ்சள் திட்டு, அதன்மேல் அழகாகச் சுருளும் அலை. அந்தப் படம் முதல் நாளின் படம். முப்பதாவது நாளின் படத்தைக் கேளுங்கள், முதல் புயலுக்குப் பிறகான படத்தைக் கேளுங்கள். நான் ஒருமுறை இப்படிக் கொட்டிய திட்டை அளக்கப் போனேன். கொட்டி முடித்த அன்று எடுத்த ஆழ வரைபடத்தில் பிறை தெளிவாக இருந்தது. ஆறு வாரம் கழித்து, அதே கோடுகளில் படகை ஓட்டி அளந்தோம். கருவியின் திரையில் கோடு ஏறவே இல்லை. முன்பு திட்டின் உச்சி இருந்த இடத்தைத் தாண்டும்போது ஒரு கையளவுகூட மேடு இல்லை. மணல் தொலைந்துபோகவில்லை, கரைப்பக்கம் நகர்ந்து பரவியிருந்தது. கரையைக் காப்பாற்ற அது நல்ல செய்தி. அலைக்காகப் பணம் கொடுத்தவர்களுக்கு அல்ல.

மணல் நிற்காது, அதனால் மணல் மூட்டையைப் போடுவோம் என்று அடுத்த பேச்சு வரும். அதற்கும் கதைகள் உண்டு. கலிபோர்னியாவின் எல் செகுண்டோவில் 2000-இல் பெரிய துணி மூட்டைகளில் மணல் நிரப்பிச் செயற்கைத் திட்டு அமைத்தார்கள். சொல்லும்படியான அலை வரவில்லை, மூட்டைகளைப் பிறகு எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தின் போஸ்கோம்பில் 2009-இல் அப்படியொரு திட்டைத் திறந்தார்கள். எதிர்பார்த்த அலை கிடைக்கவில்லை, மூட்டைகளும் சேதமாயின. நியூசிலாந்தின் மவுன்ட் மாங்கனூயியில் போட்டதையும் அகற்ற வேண்டியதாயிற்று. இவற்றையெல்லாம் கட்டுவதற்கு முன்னாலும் அழகான படங்கள் இருந்தன.

ஒரு விலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்லவேண்டும், ஏனென்றால் விற்கிறவர்கள் எல்லோரும் அதையே உதாரணமாகக் காட்டுவார்கள். ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட், ஸ்னாப்பர் ராக்ஸ். அங்கே ட்வீட் ஆற்று முகத்துவாரத்தின் சுவர்களை 1960-களில் நீட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக ஓடிக்கொண்டிருந்த மணல் சுவருக்குப் பின்னால் தேங்கியது. வடக்கே கிர்ரா கரை அரித்தது. அங்கே 1972-இல் தூண்டில் வளைவு, அதாவது மணலைப் பிடித்துவைக்கக் கடலுக்குள் நீளும் கல் சுவர், கட்டினார்கள். பிறகு, தேங்குகிற மணலைக் குழாய் வழியாக ஆற்றைத் தாண்டி அனுப்புகிற நிலையான ஏற்பாடு 2001-இல் இயங்கத் தொடங்கியது. வருடத்துக்குச் சுமார் 5 லட்சம் கனமீட்டர் மணல். அது ஸ்னாப்பர் பாறை முனையைச் சுற்றி இறங்கி, முனையிலிருந்து கிர்ரா திசையில் ஒரே நீண்ட திட்டாகப் படிந்தது. உலகம் முழுக்கப் பேசப்படுகிற 'சூப்பர்பேங்க்' அலை அப்படிப் பிறந்தது.

இதைக் கேட்டதும் 'பார்த்தீர்களா, மணலால் அலை வருகிறதே' என்பார்கள். நன்றாகக் கவனியுங்கள். அங்கே மணல் வடிவத்தில் கொட்டப்படவில்லை. அங்கே நகராத பாறை முனை இருக்கிறது, அலை அதைச் சாய்வாகச் சுற்றி வளைந்து வருகிறது, ஒரே திசையில் வலுவாக மணல் ஓடுகிறது. மணல் ஒருமுறை வந்து நிற்கவில்லை, வருடாவருடம் வந்துகொண்டே இருக்கிறது. வடிவத்தைச் செதுக்குவது முனையும் ஓட்டமும். குழாயின் வேலை ஊட்டுவது மட்டும். ஊட்டுவதை நிறுத்தினால் திட்டு மெலியும். அதிகமாக ஊட்டினாலும் கேடுதான்: அதே திட்டத்தின் முதல் வருடங்களில் மணல் மிதமிஞ்சிப் போய், கிர்ராவின் கடலடிப் பாறைகள் புதைந்தன, கரை மிக அகலமாகிவிட்டது, அங்கே இருந்த பேர்பெற்ற அலை பல வருடம் இல்லாமல் போனது. ஒரு அலை கிடைத்தது, பக்கத்திலேயே இன்னொன்று புதைந்தது. ஆகவே உங்கள் கரையில் பாறை முனையோ, நீண்ட தூண்டில் வளைவோ, முகத்துவாரச் சுவரோ இருக்கிறதா? மணல் பெரும்பாலும் ஒரே பக்கம் ஓடுகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், மணல் ஓட்டம் வருகிற பக்கத்தில், முனைக்கு முன்னால் கொட்டச் சொல்லி நீங்கள் வாதாடுவதில் அர்த்தம் இருக்கிறது. நேரான வெறும் கரை என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

எங்கே கொட்டுகிறார்கள் என்பதைவிட எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பது இன்னும் பெரிய பொறி. முகத்துவாரத்துக்கு வெளியே இருக்கும் மணல் மேடுதான் பல இடங்களில் அலையைக் குவித்து உங்களிடம் அனுப்புகிறது. பக்கத்தில் இருப்பதால் அங்கே எடுத்தால் செலவு குறைவு. உடனே அதில்தான் கை வைப்பார்கள். ஸ்பெயினின் முந்தாகாவில் 2003-இல் ஆற்று முகத்துவாரத்தைத் தூர்வாரினார்கள். ஐரோப்பாவின் தலைசிறந்த இடது அலைகளில் (சறுக்குகிறவரின் இடப்பக்கம் உடைந்து ஓடும் அலை) ஒன்று அங்கே குலைந்தது. 2005-இல் அங்கே நடக்கவேண்டிய உலகப் போட்டியை ரத்து செய்தார்கள். மணல் திட்டு பிறகு தேறியது. எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். கரைக்கு நெருக்கமாகக் குழி தோண்டுவதும் இதே ரகம்தான். லூசியானாவின் கிராண்ட் ஐலில் 1980-களில் அப்படிக் கடலடியில் தோண்டிய குழிகள் அலையின் பாதையைத் திருப்பின. கரை சில இடங்களில் புடைத்து, பக்கத்தில் அரித்தது.

எனக்குப் பொறுமை போகிற இடம் ஒன்று உண்டு. இந்த வேலைகள் முடிந்ததும் வெற்றி என்று அளப்பது உலர்ந்த கரையின் அகலம் ஒன்றைத்தான். நாலு மீட்டர் ஆழத்தில் என்ன நடந்தது என்று அளப்பதற்குப் பணம் ஒதுக்குவதில்லை. ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுப்பதோ பல இடங்களில் கப்பலின் தொட்டியில் அளந்த கணக்கில். கப்பல் வயிற்றில் அளந்த மணலும் கடலடியில் போய்ச் சேர்ந்த மணலும் ஒன்றல்ல. முன்னும் பின்னும் கடலடியை அளந்து வித்தியாசத்துக்குப் பணம் கொடுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன், தலையாட்டுகிறார்கள், அடுத்த ஒப்பந்தம் பழையபடியே வருகிறது. சுற்றுச்சூழல் அறிக்கையில் ஆமைக்கும் மீனுக்கும் இடம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அலைக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. நியூசிலாந்து 2010-இல் தன் கடலோரக் கொள்கையில் 17 அலை இடங்களைப் பெயர் சொல்லிப் பாதுகாத்தது. பெரு 2000-இலேயே சட்டம் போட்டது. செய்ய முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நீங்கள் இப்போது செய்யவேண்டியது கொஞ்சம்தான், ஆனால் இன்றே தொடங்கவேண்டும். கரையில் உயரமான ஒரே இடத்தில் நின்று, தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம் எடுங்கள். அலை ஓடியதா, மொத்தமாக விழுந்ததா, எத்தனை பேர் சறுக்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கடல் ஏற்ற இறக்க நேரத்தையும் குறியுங்கள். மணல் வருவதற்குள் ஆறு மாதப் பதிவாவது கையில் இருந்தால், 'உங்கள் அலை முன்பும் இப்படித்தான் இருந்தது' என்று யாரும் சொல்லிவிட முடியாது. அப்புறம் எழுத்தில் மூன்று கேள்விகள் அனுப்புங்கள்: மணல் எடுக்கும் இடம் கரையிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம்; அந்த மணலின் பருமன் என்ன; ஒரு பகுதி மணலையாவது கரையில் குவிக்காமல் கடலுக்குள், திட்டு உருவாகிற ஆழத்துக்குப் பக்கத்தில் கொட்ட முடியுமா. கடைசிக் கேள்விக்கு 'கப்பல் அவ்வளவு ஆழமில்லாத இடத்துக்கு வராது' என்று பதில் வரும். கப்பல் வராவிட்டாலும், அதன் முகப்பிலிருந்து மணல் கலந்த நீரை வில்லாகப் பீய்ச்சலாம். அது புதிய முறையும் அல்ல.

உங்களிடம் முன்பணம் கேட்டவரிடம், அவர் முன்பு செய்த ஒரு வேலையின் கடலடி அளவைக் கேளுங்கள்: கொட்டுவதற்கு முன், கொட்டிய அன்று, ஒரு வருடம் கழித்து. மூன்று வரைபடங்களும் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.